போர்ட் வைத்த பிறகு: தோலடிச் சிரைக்குழாயின் சிக்கல்களும் சேலத்து நோயாளிகளும்

சேலம் மாவட்டத்தில் கீமோ சிகிச்சை எடுப்பவர்களில் பலர் முதல் சில சுற்றுகளைக் கை நரம்பின் (அதாவது சிரையின்) வழியாகவே ஏற்றிக்கொள்கிறார்கள். மருந்தின் கடுமையால் சிரைகள் தடித்துக் கறுத்துப்போய், புறங்கையில் ஒரு முறை, மணிக்கட்டில் ஒரு முறை என்று செவிலியர் தேடித் தேடிக் குத்தும் நிலை வந்த பிறகுதான், ‘நரம்பு கிடைக்கவில்லை, போர்ட் வைத்துவிடலாம்’ என்ற பேச்சு எழுகிறது. மருந்து ஏற்றுவதற்காக மார்புத் தோலுக்கடியில் புதைக்கும் சிறு கருவிதான் போர்ட். அதை வைக்கும் இடம் பலருக்குக் கோயம்புத்தூராகவோ வேலூராகவோ சென்னை அடையாறாகவோ அமைகிறது. சேலத்திலேயே வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வைத்துக்கொண்டு அவர்கள் திரும்பிப் போகும் இடமோ அம்மாப்பேட்டைத் தறிக்கூடம், சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறை, ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர்ப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்து வீடு. போர்ட்டின் சிக்கல்களைப் பேசும்போது இந்தத் தொலைவை விட்டுவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். வைப்பது ஒரு நாள் வேலை, அதற்குக் கைதேர்ந்த மருத்துவர் எங்கிருந்தாலும் தேடிப் போய்விடலாம். பேணுவது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை; அதற்கான கை பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

போர்ட் என்பது முழுவதும் தோலுக்கடியில் புதைக்கப்படும் கருவி. இரண்டரை, மூன்று செ.மீ. அகலமும் ஏறத்தாழ ஒரு செ.மீ. உயரமும் கொண்ட டைட்டேனியம் அல்லது பிளாஸ்டிக் அறை ஒன்று, அதன் மேல்முகத்தில் தடித்த சிலிக்கான் மூடி, பக்கவாட்டிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய், இவ்வளவுதான் அதன் உறுப்புகள். காரை எலும்புக்குச் சற்றுக் கீழே, மார்புத் தசைக்கு மேலே பை போலப் பிரித்தெடுத்த இடத்தில் அறையை வைத்துத் தைக்கிறார்கள். குழாய் கழுத்துச் சிரை வழியாகவோ, காரை எலும்புக்கு அடியில் ஓடும் சிரை வழியாகவோ இறங்கிச் செல்கிறது. மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையைச் சேரும் இடத்தில் அதன் முனை நிற்க வேண்டும். அந்த இடத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் இரத்தம் பாய்வதால், கை நரம்பைப் புண்ணாக்கும் மருந்துகூட அங்கே போய்ச் சேர்ந்த கணத்திலேயே நீர்த்துவிடுகிறது. முனை மேலே நின்றுவிட்டால் இந்தப் பாதுகாப்பு குறைந்து, சிரைச் சுவரை மருந்து அரிக்கத் தொடங்குகிறது. பின்னால் வரும் இரத்த உறைவுகளில் ஒரு பங்குக்கு முனை சரியான இடத்தில் நிற்காததே காரணம்.

போர்ட்டுக்கு முன்பு 1973-இல் பிரோவியாக் குழாயும் 1979-இல் ஹிக்மன் குழாயும் வந்தன. இரண்டிலும் குழாயின் ஒரு முனை தோலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். முழுவதும் உள்ளே புதைக்கும் போர்ட் 1982-இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. வெளியே எதுவும் தொங்காததால் புண் ஆறிய பின் குளிக்கலாம், வேலைக்குப் போகலாம், சட்டை போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. தொற்றும் குறைவு: 200 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான மதிப்பீட்டின்படி, குழாய் உடலில் இருக்கும் ஒவ்வோர் 1000 நாளுக்கும் ஹிக்மன் வகைக் குழாய்களில் 1.6 இரத்தத் தொற்று, போர்ட்டில் 0.1. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஹிக்மன் வைத்தவர்களில் 43 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தபோது, அவர்களோடு ஒப்பிடப்பட்ட போர்ட் குழுவில் 29 சதவீதத்தினருக்கே வந்தது. கை வழியாகச் செலுத்தும் பிக் குழாயோடு ஒப்பிட்டபோது 47-க்கு 32. போர்ட்டே மேல் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. அந்த மேலான கருவியை வைத்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்தது என்பதையும் அதே எண்கள்தான் சொல்கின்றன.

வைக்கும் நாளில் வரக்கூடிய சிக்கல்களை விரைவாகச் சொல்லிவிடலாம். காரை எலும்புக்கு அடியில் ஊசியைச் செலுத்தும்போது நுரையீரலின் மேல்முனையைத் தொட்டுவிட்டால் மார்புக்குள் காற்று கசிந்து மூச்சுத் திணறும். சிரைக்குப் பதிலாகப் பக்கத்துத் தமனியில் ஊசி ஏறிவிடலாம். குழாய் வழிதவறிக் கழுத்துப் பக்கம் மேலேறிவிடலாம். முனை ஆழமாக இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறலாம். அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே வலது கழுத்துச் சிரையில் செலுத்துவதும், எக்ஸ்ரே திரையில் முனையைச் சரிபார்ப்பதும் வழக்கமான பிறகு இவை வெகுவாகக் குறைந்துவிட்டன. மேலும் இவை நேரும்போது நோயாளி மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறார், பார்த்துச் சரிசெய்ய ஆட்கள் இருக்கிறார்கள். கவலைப்பட வேண்டியவை அதற்குப் பிறகு, வீட்டில் தலைகாட்டுபவை.

அவற்றில் முதலாவது தொற்று. அது மூன்று இடங்களில் வரலாம். போர்ட் புதைந்திருக்கும் பையில் வந்தால் தோல் சிவந்து, சூடாகி, தொட்டால் வலிக்கும், சில நேரம் சீழ் கசியும். குழாய் ஓடும் பாதையில் வந்தால் தோலின் மேல் அந்த வழியெங்கும் சிவந்த கோடு தெரியும். இரண்டும் கண்ணுக்குப் படுவதால் யாராவது கவனித்துவிடுவார்கள். மூன்றாவது வகை குழாயின் உட்சுவரில் கிருமிகள் படலமாக ஒட்டி வளர்வது. வெளியே தோல் பளிங்குபோல இருக்கும். போர்ட்டைத் தொடாத நாட்களில் காய்ச்சல்கூட இருக்காது. ஊசி குத்திச் சலைன் செலுத்தியவுடன் படலத்திலிருந்து கிருமிகள் பெயர்ந்து நேராக இதயத்துக்குப் போகின்றன. அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் உடலே குலுங்கும் நடுக்கமும், தொடர்ந்து காய்ச்சலும் வருகின்றன.

போர்ட் வைத்தவர் வீட்டில் எல்லோரும் இந்த ஓர் அடையாளத்தையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். சேலத்தில் ஒரு கிளினிக்கில் போர்ட்டைக் கழுவிக்கொண்டு (அடைபடாமலிருக்க ஊசி வழியாக உள்ளே சலைன் செலுத்திக்கொண்டு) மதியம் ஏற்காடு பேருந்தில் ஏறுபவருக்கு நடுக்கம் வரும் நேரம், வண்டி கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பனிமூட்டத்துக்குள் நுழையும் நேரமாக இருந்துவிடுகிறது. மலைக்காற்றில் குளிர்ந்துவிட்டது என்று கம்பளியைப் போர்த்திவிட்டு, இரவில் காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் படுக்கவைப்பது யாருக்கும் இயல்பாகத் தோன்றும். காலையில் காய்ச்சல் இறங்கியிருக்கும். அடுத்த மாதம் கழுவும்போது மறுபடியும் அதே நடுக்கம் வரும், அப்போதும் பழி குளிர்மேல் விழும். கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் இது நடந்தால் சில மணி நேரத்திலேயே இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். தெர்மாமீட்டரில் ஒரே முறை 101 டிகிரி காட்டினாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிட்டு இறங்கிவிடுவதே சரி. இரத்த மாதிரி எடுத்த கையோடு, ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சிரை வழியாகத் தொடங்க வேண்டும் என்பது புற்றுநோய் மருத்துவத்தில் நிலைபெற்ற விதி.

காய்ச்சலுக்குப் போர்ட்தான் காரணமா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்து இரண்டையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புகிறார்கள். போர்ட் இரத்தத்தில் கிருமி வளர்வது கை இரத்தத்தைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தித் தெரிந்தால், கிருமியின் இருப்பிடம் குழாய்தான். கையிலிருந்து மட்டும் எடுத்து அனுப்பிவிட்டால் இந்த ஒப்பீடு கிடைக்காது. அவசரத்தில் முதல் ஊசி மருந்தைப் போட்டுவிட்டு அப்புறம் இரத்தம் எடுத்தால் எதுவுமே கிடைக்காமல் போகலாம். பிறகு, எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டேஃபிலோகாக்கஸ் வகைகள் என்றால், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை அடர்த்தியாகக் கரைத்துக் குழாய்க்குள்ளேயே தேக்கிவைத்துப் போர்ட்டைக் காப்பாற்ற முயலலாம். ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது கேண்டிடா பூஞ்சை என்றால் போர்ட்டை எடுத்துவிட வேண்டும். அவை இதய வால்வு, எலும்பு, கண் என்று போய் உட்காரக்கூடியவை. பணம் கட்டி வைத்த போர்ட்டை எடுக்கச் சொல்கிறார்களே என்ற மனத்தாங்கல் குடும்பங்களில் எழுவது இயற்கை. ஆனால் இந்த இரண்டு கிருமிகள் விஷயத்தில் தயங்குவதற்கு இடமில்லை.

தொற்று உள்ளே நுழையும் வாசல் பெரும்பாலும் ஊசி குத்தும் தருணம்தான் என்பதால், அந்தத் தருணத்தைச் சற்று உற்றுப் பார்க்கலாம். செவிலியர் கைகழுவி, முகக்கவசம் அணிந்து, கிருமிநீக்கிய கையுறை போட்டுக்கொள்கிறார். ஆல்கஹால் கலந்த இரண்டு சதவீதக் குளோரெக்சிடினைத் தோலில் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்துவிட்டு, தானாக உலரும்வரை காத்திருக்கிறார். ஊதி உலர்த்துவதும் துணியால் ஒற்றுவதும் கூடாது. இடது கையின் மூன்று விரல்களால் போர்ட்டை நகராமல் பிடித்துக்கொண்டு, நடுவில் செங்குத்தாக, போர்ட்டுக்கென்றே செய்யப்பட்ட ஹூபர் ஊசியை இறக்குகிறார். தோலைத் தாண்டும்போது ஒரு தடை, சிலிக்கானைத் தாண்டும்போது இன்னொரு தடை, கடைசியில் உலோகத் தரையில் ஊசி இலேசாக முட்டுவது விரலுக்குத் தெரியும். பின்னால் இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்த பிறகே எதையும் செலுத்த வேண்டும். ஹூபர் ஊசியின் முனை பக்கவாட்டில் வளைந்திருப்பதால் அது சிலிக்கானை விலக்கிக்கொண்டு போகிறது, வெளியே எடுத்ததும் துளை தானே மூடிக்கொள்கிறது. இப்படி ஆயிரம் முறைக்கு மேலும் ஒரு மூடி தாங்கும். சாதாரண ஊசி சிலிக்கானைத் துண்டு துண்டாகச் சீவி எடுத்துவிடும். அந்தத் துணுக்கு குழாயை அடைக்கும், துளை வழியே மருந்து கசியும். ‘ஊசிதானே, எந்த ஊசியாக இருந்தால் என்ன’ என்று குளுக்கோஸ் ஏற்றும் ஊசியைப் போர்ட்டில் குத்துவது, சில நிமிட வேலையில் கருவியையே பாழாக்கும் செயல். சிறு ஊர்களில் ஹூபர் ஊசி கிடைக்காது என்று தோன்றினால், போர்ட் வைத்த மருத்துவமனையிலிருந்தே இரண்டு மூன்று ஊசிகளை வாங்கிவந்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது சிக்கல் அடைப்பு. குழாய் இரத்தத்தில் இறங்கிய சில நாட்களிலேயே அதைச் சுற்றி ஃபைப்ரின் என்ற புரதம் படியத் தொடங்குகிறது. அந்தப் படிவு முனையைத் தாண்டி நீளும்போது ஒருவழிக் கதவைப்போல வேலை செய்கிறது: சலைனைச் செலுத்தினால் விலகி வழிவிடுகிறது, இரத்தத்தை இழுத்தால் முனையை மூடிக்கொள்கிறது. ‘உள்ளே போகிறது, ஆனால் இரத்தம் வரவில்லை’ என்று செவிலியர்கள் சொல்வது இதைத்தான். உள்ளே போகிறதே என்று மருந்தை ஏற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது ஆபத்தான பழக்கம் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்றிய மருந்து ஃபைப்ரின் உறைக்கும் குழாய்க்கும் நடுவே பின்னோக்கி ஓடி, குழாய் சிரைக்குள் நுழையும் இடத்தில் தசைக்குள் கசியக்கூடும். மேலும், இரத்தம் வராததற்கு ஃபைப்ரின் அல்லாத காரணங்களும் இருக்கலாம்: குழாய் முறிந்திருக்கலாம், போர்ட்டிலிருந்து கழன்றிருக்கலாம், முனை சிரைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

நோயாளியை இருமச் சொல்வது, கையைத் தூக்கச் சொல்வது, ஒருக்களித்துப் படுக்கச் சொல்வது ஆகியவற்றிலேயே சில நேரம் இரத்தம் வந்துவிடும். வராவிட்டால் உறைவைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் இரண்டு மி.கி. அளவில் குழாய்க்குள் தேக்கி, அரைமணியிலிருந்து இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார்கள். யூரோகைனேஸையும் இதற்குப் பயன்படுத்துவதுண்டு. அப்படியும் வராவிட்டால் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் செய்யக்கூடாத ஒன்று, சின்னச் சிரிஞ்சால் அழுத்தி அடைப்பை உடைக்கப் பார்ப்பது. சிரிஞ்ச் எவ்வளவு சிறியதோ அவ்வளவு அழுத்தம் கூடும். இரண்டு மி.லி. சிரிஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழாய் வெடிக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறிவிடும். அதனால்தான் போர்ட்டுக்குப் பத்து மி.லி. சிரிஞ்சுக்குக் குறைவாக எதையும் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். கழுவும்போதும் ஒரே மூச்சாகத் தள்ளாமல், கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தள்ளினால், உள்ளே சுழல் உண்டாகி அறையின் மூலைகளில் ஒட்டியிருப்பதும் பெயர்ந்து போகும்.

அடைப்பு குழாய்க்குள் வருவது. உறைகட்டி குழாயைச் சுற்றிச் சிரைக்குள் வருவது. புற்றுநோய் இருந்தாலே இரத்தம் எளிதில் உறையும், அதோடு அந்நியப் பொருள் ஒன்றும் சிரைக்குள் கிடக்கிறது. போர்ட் இருக்கும் பக்கத்துக் கை வீங்குவது, மோதிரமும் வளையலும் இறுகுவது, கழுத்திலும் தோளிலும் நீலச் சிரைகள் புடைத்துத் தெரிவது, காலையில் முகம் உப்புவது ஆகியவை இதன் அடையாளங்கள். கை வீங்கினால் நீவிவிடுவதும் தைலம் தேய்த்து உருவிவிடுவதும் நம் வீடுகளில் உடனே நடக்கும். இந்த வீக்கத்துக்கு அதைச் செய்யவே கூடாது. உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் உறுதியானால் குறைந்தது மூன்று மாதம் உறைவு எதிர்ப்பு மருந்து கொடுப்பார்கள். போர்ட் நன்றாக வேலை செய்துகொண்டிருந்து, சிகிச்சைக்கும் தேவைப்பட்டால், உறைகட்டிக்காக அதை எடுக்க வேண்டியதில்லை. தொற்றும் சேர்ந்திருந்தால் கதை வேறு.

அடுத்து வருவது அரிதானது. ஆனால் கைவேலை செய்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது. காரை எலும்புக்கு அடியில் ஓடும் சிரையில் குழாயை வைக்கும்போது, அது காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலுள்ள குறுகிய இடுக்கின் வழியே போக நேரலாம். தோள் அசையும் ஒவ்வொரு முறையும் இரு எலும்புகளும் அந்தக் குழாயைக் கவ்வுகின்றன. மாதக்கணக்கில் கவ்விக் கவ்விக் குழாய் தேய்ந்து, ஒரு நாள் அறுந்து, அறுந்த துண்டு இரத்த ஓட்டத்தோடு இதயத்துக்கோ நுரையீரல் தமனிக்கோ போய்விடுகிறது. வியப்பு என்னவென்றால், பலருக்கு அது தெரிவதே இல்லை, வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் துண்டு கண்ணில் படுகிறது. சிலருக்குப் படபடப்போ, மார்பு வலியோ, இருமலோ வரலாம். அறுவதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை உண்டு: கையைக் கீழே வைத்திருந்தால் மருந்து இறங்காது, தோளை உயர்த்தினால் இறங்கும். கீமோ அறையில் இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் நோயாளியைக் கண்டால் மருத்துவர் உடனே மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த எக்ஸ்ரேயைக் கைகளைத் தொங்கவிட்டு நின்ற நிலையில் எடுப்பதே சரி. தோளை முன்னால் வளைத்து எடுத்தால் நசுங்கல் மறைந்துபோகலாம். குழாய் அந்த இடத்தில் ஒடுங்கியிருந்தால் அறுவதற்குக் காத்திராமல் எடுத்துவிட வேண்டும். அறுந்துவிட்ட துண்டையும் தொடைச் சிரை வழியே சுருக்குக் கம்பியைச் செலுத்திப் பிடித்து இழுத்துவிடலாம். இருதயக் கேத் லேப் (இரத்தக் குழாய் வழியே கம்பி செலுத்திச் சிகிச்சை செய்யும் அறை) உள்ள மருத்துவமனைகளில் செய்யக்கூடிய வேலைதான் அது, மார்பைத் திறக்க வேண்டியதில்லை.

கழுத்துச் சிரையில் வைத்தால் இந்த இடுக்கே குறுக்கிடாது. அதனால், நாள் முழுவதும் வலக்கையால் கயிற்றை இழுத்து ஓடத்தை ஓட்டும் கைத்தறி நெசவாளி, சுத்தியல் பிடிக்கும் வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி, மூட்டையைத் தோளில் ஏற்றும் தோட்டத் தொழிலாளி ஆகியோர், போர்ட் வைப்பதற்கு முன் தங்கள் வேலை என்ன என்பதை மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிட வேண்டும். எந்தச் சிரை, எந்தப் பக்கம், எந்த உயரம் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்து மாறக்கூடியவை. மார்பகப் புற்றுநோய் என்றால் நோயுள்ள பக்கத்தைத் தவிர்த்து மறுபக்கத்தில் வைப்பது வழக்கம். கார் ஓட்டுபவருக்குச் சீட் பெல்ட் வலது தோளிலிருந்து குறுக்கே இறங்குகிறது. வலப்பக்கப் போர்ட்டின் மேலேயே அது உராயும். மலைப்பாதையில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது தீர்வாகாது. பெல்ட்டுக்கும் போர்ட்டுக்கும் நடுவே மென்மையான துணி மடிப்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். தாலிச் சங்கிலியும் உள்ளாடைப் பட்டையும்கூட இப்படி உராயும். சிகிச்சையில் உடல் மெலியும்போது போர்ட்டின் மேலுள்ள கொழுப்பு கரைந்து, விளிம்பு தோலைக் கூர்மையாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தத் தோல் முதலில் பளபளப்பாகும், பிறகு சிவக்கும், பிறகு கிழியும். கிழிந்து உலோகம் வெளியே தெரிந்துவிட்டால் மருந்து போட்டு ஆற்ற முடியாது, போர்ட்டை எடுத்தாக வேண்டும். பெவாசிசுமாப் போன்ற, புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள் எடுப்பவர்களுக்குத் தையல் பிரிவதும் உண்டு என்பதால், அந்த மருந்துக்கும் போர்ட் வைப்பதற்கும் இடையே மருத்துவர்கள் நாள் இடைவெளி விடுகிறார்கள்.

போர்ட் இருப்பதால் மருந்து வெளியே கசியாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. கைச் சிரையைவிடக் குறைவு என்பது உண்மை. கசிந்தால் விளைவு கைக் கசிவைவிட மோசம் என்பதும் உண்மை, ஏனெனில் ஊசி ஆழத்தில் இருப்பதால் நெடுநேரம் வெளியே தெரியாது. டாக்ஸோரூபிசின், வின்கிறிஸ்டின் போன்றவை திசுவைக் கருக்கிவிடும் மருந்துகள். ஏற்றும்போது எரிச்சலோ, இறுக்கமோ, வீக்கமோ தோன்றினால் நோயாளி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போது மருந்தை நிறுத்தி, ஊசியை உடனே உருவாமல், அதன் வழியாகவே முடிந்தவரை மருந்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். டாக்ஸோரூபிசின் கசிவுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிறிஸ்டின் கசிவுக்கு வெந்நீர் ஒத்தடம். மாற்றிச் செய்தால் தீங்கு கூடும். டாக்ஸோரூபிசின் கசிவுக்கு டெக்ஸ்ரசாக்ஸேன் என்ற முறிமருந்தை ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சென்னையில் மருந்து ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் பேருந்தில் வந்து இறங்குவதற்குள் அந்த ஆறு மணி நேரம் போய்விடும். ஆகவே, எரிகிறதே என்று பயணத்தின் நடுவில் தோன்றினால் ஊர்போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

குடல் புற்றுநோய்க்குத் தரும் ஒரு சிகிச்சை முறையில் ஃபுளூரோயூராசில் மருந்தை 46 மணி நேரம் தொடர்ந்து ஏற்ற வேண்டும். இதற்காக மருத்துவமனையில் படுத்திருக்காமல், போர்ட்டில் குத்திய ஊசியோடும் இடுப்புப் பையில் ஒரு பலூன் பம்போடும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நகரவாசிக்கு இது பெரிய வசதி. கோயம்புத்தூரிலிருந்து சேலம், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு என்று பயணம் செய்பவருக்கு, ஒவ்வொரு வளைவிலும் உடல் சாயும்போது ஊசிக்குழாய் சட்டைப் பட்டனில் மாட்டி இழுபடும் அபாயம் இருக்கிறது. குழாயை ஒரு சுற்றுச் சுற்றி மார்பில் பிளாஸ்டரால் ஒட்டிவிட்டால், இழுவை ஊசிக்குப் போய்ச் சேராது. கிளம்பும் நாளில் உடம்பில் எண்ணெய் தேய்த்திருக்கக் கூடாது. சேலத்து வெயிலில் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் எந்தப் பிளாஸ்டரும் நிற்காது. இன்னொன்று பலருக்கும் சொல்லப்படாமல் போகிறது: பலூன் பம்பு ஓடும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. சித்திரை வெயிலில் பேருந்து சன்னலோரம் வைத்தால் மருந்து குறித்ததைவிட விரைவாக இறங்கும், மார்கழி இரவில் மலைமேல் போர்வைக்கு வெளியே விட்டால் தாமதமாகும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பகுதியைத் தோலோடு ஒட்டியே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். ஊசி கழன்றுவிட்டால் கிளிப்பை மூடிவிட்டு, சிந்திய மருந்தைக் கையுறையோடு துடைத்து, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். கழன்ற ஊசியைத் திரும்பக் குத்தக் கூடாது.

அப்புறம், ஸ்கேன் மையங்களில் ஒரு சிறு எச்சரிக்கை. சி.டி. ஸ்கேனுக்குச் சாய மருந்தை இயந்திரம் அதிக அழுத்தத்தில் செலுத்துகிறது. அதைத் தாங்கும்படி செய்யப்பட்ட போர்ட்டுகள் தனி; மற்றவற்றில் செலுத்தினால் குழாய் பிரிந்துவிடலாம். எந்த வகை என்பது போர்ட் வைத்தபோது கொடுத்த அட்டையில் இருக்கும். அந்த அட்டை வீட்டு பீரோவில் பத்திரமாக இருப்பதைவிட, அதைப் படமெடுத்து நோயாளியின் செல்போனிலும் மகன் அல்லது மகளின் செல்போனிலும் வைத்திருப்பது பயன்படும்.

கீமோ முடிந்து போர்ட் சும்மா இருக்கும் மாதங்களில்தான் தொலைவு முழுதாகத் தன் வேலையைக் காட்டுகிறது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்பது பழைய விதி. பயன்படுத்தாத போர்ட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுவினாலும் அடைப்பு கூடுவதில்லை என்று பிற்காலத்து ஆய்வுகள் பலவும் காட்டியிருக்கின்றன. உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் இல்லாமல் சலைன் மட்டும் போதும் என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகும் ஒருவர் மாதம் ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போவார் என்று எதிர்பார்ப்பதைவிட, இடைவெளியைக் கூட்டலாமா என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நேர்மையான ஏற்பாடு. போக முடியாத விதியைக் கொடுத்தால் நோயாளி அதை முழுவதுமாகக் கைவிட்டுவிடுகிறார்.

இன்னும் நல்ல ஏற்பாடு, கழுவும் வேலையை நோயாளியின் ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. பத்து நிமிட வேலை அது, ஒரு செவிலியரும் நான்கைந்து பொருள்களும் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வலிதணிப்புப் பராமரிப்பையும் வயிற்றுறை டயாலிசிஸ் பைகளையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவருகிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு செவிலியருக்காவது ஹூபர் ஊசிப் பயிற்சியைக் கொடுத்துவிட்டால், மலைமேல் இருப்பவர்களின் சிக்கல்களில் கணிசமான பகுதி தொடக்கத்திலேயே பிடிபடும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கழுவும் நாளில் அந்தச் செவிலியர் போர்ட்டை மட்டும் பார்ப்பதில்லை. தோலைப் பார்க்கிறார், கை வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார், இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறார், போன தடவை கழுவிய பிறகு நடுக்கம் வந்ததா என்று கேட்கிறார்.

சிகிச்சை முடிந்த பிறகு போர்ட்டை எப்போது எடுப்பது என்பதற்கு ஒரே விடை இல்லை. நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு ஓரிரு ஆண்டுகள் விட்டுவைப்பார்கள். மற்றவர்களுக்குச் சில மாதங்களிலேயே எடுத்துவிடலாம். அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்யும் ஊசி போட்டு அரைமணி நேரத்தில் முடியும் அறுவைதான் அது. வலியும் இல்லை, தொந்தரவும் இல்லை, எதற்கு மறுபடி கத்தி வைக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கழுவாமல் விட்டுவிடுபவர்களுக்கு, குழாய் சிரைச் சுவரோடு ஒட்டிக் கெட்டிப்பட்டுப் போவதுண்டு, குறிப்பாகச் சிறு வயதில் வைத்துக்கொண்டவர்களுக்கு. அப்படி ஒட்டிய குழாயை இழுக்கும்போது பாதியில் அறுந்தால் மீதித் துண்டு உள்ளேயே தங்கிவிடும். சில நேரங்களில் அதைச் சுருக்குக் கம்பியால் எடுக்கிறார்கள், சில நேரங்களில் எடுப்பதைவிட விட்டுவைப்பதே பாதுகாப்பு என்று கருதி, எக்ஸ்ரேயில் கண்காணித்துவருகிறார்கள்.